"டேப் சரியில்ல" என்று வீட்டார் சொல்லும்போது: புகார் வாரியாகப் பழுது பார்ப்பது எப்படி

அப்பா 32 வருடம் கண்டக்டர். திருச்சி–துறையூர் தடத்தில் அவர் குரலைத் தெரியாத ஆள் குறைவு. தசைகளை இயக்கும் நரம்புகள் கொஞ்சம் கொஞ்சமாக அழியும் மோட்டார் நியூரான் நோய் அவருக்கு முதலில் நாக்கைத்தான் பிடித்தது. சொற்கள் குழறின, பிறகு அம்மாவுக்கு மட்டும் புரிந்தன, பிறகு அவளுக்கும் புரியாமல் போயின. கை அப்போது நன்றாகவே இருந்தது. அதனால் தட்டினால் தமிழில் வாசித்துச் சொல்லும் ஒரு செயலியை டேப்லெட்டில் போட்டுக் கொடுத்தோம். அடிக்கடி தேவைப்படும் வாக்கியங்களுக்கு ஒரே தட்டில் பேசும் பட்டன்கள், மற்றதற்கு எழுத்துப் பலகை.

டேப்லெட்டைத் தயார் செய்ய எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதுமாக இருந்தது. வீடு அதற்குப் பழக ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அந்த வருடத்தில் அம்மா, தம்பி, அத்தை, பெரியப்பா, எதிர்வீட்டு அக்கா என்று ஆளாளுக்குச் சொன்ன புகார்களை ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். எல்லாரும் ஒன்றுபோல "டேப் சரியில்ல" என்றுதான் தொடங்குவார்கள். பாதிக்கு மேற்பட்ட புகார்களில் டேப்பில் ஒரு குறையும் இல்லை. கேட்டுக்கொண்டிருந்த எங்களிடம் இருந்தது.

அந்த நோட்டுதான் இது. பழுது நிஜமாகவே கருவியில் இருக்கக்கூடிய புகார்கள் முதலில், மற்றவை பின்னால். உங்கள் வீட்டில் பக்கவாதத்தால் பேச்சு போனவரோ பேச்சு வராத குழந்தையோ இருந்தால், எங்கே வேறுபடும் என்பதையும் அங்கங்கே சொல்கிறேன்.

"தட்டுறார், சத்தமே வரல"

ப்ளூடூத்தை முதலில் பாருங்கள். எங்கள் வீட்டில் மூன்று முறை இதுதான் காரணம். தம்பி ஊருக்கு வந்தபோது தன் ஹெட்செட்டை அப்பாவின் டேப்போடு இணைத்துப் பாட்டு கேட்டிருக்கிறான். அதற்குப் பிறகு அவன் ஹெட்செட்டை ஆன் செய்யும்போதெல்லாம் அப்பாவின் குரல் அவன் பைக்குள் போய்விட்டது. அப்பா கூடத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தார், யாருக்கும் கேட்கவில்லை. பேச்சுக் கருவியில் ப்ளூடூத் அணைந்தே இருக்கட்டும்.

அடுத்து வால்யூம். ஆண்ட்ராய்டில் ரிங் சத்தத்துக்கு ஒன்று, மீடியாவுக்கு ஒன்று என்று தனித்தனியாக இருக்கும். பேச்சு வருவது மீடியா வால்யூமில். ரிங்கை ஏற்றிவிட்டு "ஃபுல்லா வச்சிருக்கேன்" என்பவர்கள் உண்டு.

வீடியோ காலில் மட்டும் அவர் பேச்சு எதிர்ப்பக்கம் கேட்கவில்லை என்றால், காலும் செயலியும் ஒரே கருவியில் ஓடுகின்றனவா என்று பாருங்கள். அந்த வீடியோ காலை வேறொரு போனில் ஸ்பீக்கரில் போட்டு, டேப்பை அதன் மைக்குக்குப் பக்கத்தில் வைத்தால் தீர்ந்தது.

"இங்கிலீஷ் மட்டும் பேசுது, தமிழ்ல எழுதினா வாயை மூடிக்குது"

தமிழ்க் குரல் இறங்கவில்லை. ஆண்ட்ராய்டு என்றால் செட்டிங்ஸில் அணுகல்தன்மை (Accessibility) பகுதிக்குள் எழுத்தைப் பேச்சாக்கும் (Text-to-speech) பகுதி இருக்கும். சில போன்களில் அது பொது அமைப்புகளுக்குள் ஒளிந்திருக்கும், செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் போட்டுத் தேடினால் கிடைக்கும். அங்கே கூகுளின் பேச்சுச் சேவையைத் தேர்ந்து, பக்கத்தில் உள்ள பல்சக்கரத்தைத் தொட்டு, குரல் தரவில் தமிழைப் பதிவிறக்குங்கள். வைஃபை இருக்கும்போதே செய்துவிடுங்கள். இறங்காத குரல், நெட் இருக்கும் இடத்தில் பேசி, ஆஸ்பத்திரி லிஃப்டுக்குள் ஊமையாகும். இறக்கிய பிறகு ஒருமுறை நெட்டை அணைத்துப் பேசவைத்துப் பாருங்கள்.

"எழுத்தெல்லாம் தப்புத் தப்பா விழுது"

இதற்குக் காரணங்கள் பல. நான் பார்க்கும் வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில் திரையைத் துடையுங்கள். இந்த நோயில் எச்சில் விழுங்குவது கடினம், குனிந்து தட்டும்போது ஒரு துளி விழும். அந்தத் துளியையும் திரை விரல் என்றே எடுத்துக்கொள்ளும், யாரும் தொடாமலே எழுத்துகள் ஓடும். "பேய் பிடிச்ச மாதிரி தானா அடிக்குது" என்று அத்தை அலறியது இதைத்தான். டேப்புக்குப் பக்கத்தில் ஒரு பருத்தித் துணி எப்போதும் இருக்க வேண்டும். துடைப்பதைச் சத்தம் போடாமல், முகம் சுளிக்காமல் செய்ய வேண்டும். அப்பா இரண்டு நாள் டேப்பைத் தொடாமல் இருந்ததற்குக் காரணம், விருந்தாளி முன்னால் யாரோ "ஐயோ எச்சி" என்றதுதான்.

வயதானவர்களின் விரல்நுனி காய்ந்து தடித்திருந்தால் திரை அதைச் சரியாக உணராது. எண்ணெய் வேண்டாம், லேசாக ஈரத்துணியில் ஒற்றிக்கொண்டாலே போதும். அல்லது தொடுதிரைப் பேனா. அதன் பிடியில் பழைய துணியைச் சுற்றித் தடிமனாக்கினால் பிடிக்க எளிது.

டேப்பை மேசையில் படுக்கவைக்காதீர்கள். புத்தகம் வாசிக்கும் சாய்வுப் பலகையில் வைத்து, முழங்கை மேசையில் ஊன்றும்படி உட்காரவையுங்கள். அந்தரத்தில் நிற்கும் கை சீக்கிரம் சோர்ந்துவிடும்.

ஒரே எழுத்து இரண்டு மூன்று முறை விழுந்தால், அணுகல்தன்மைப் பகுதியில் தொடுதலுக்கான நேரத்தைக் கூட்டுங்கள். கொஞ்ச நேரம் அழுத்தினால்தான் எடுத்துக்கொள்ளும்படி செய்யலாம், உடனே திரும்பப்படும் தொடுதலை விட்டுவிடும்படியும் செய்யலாம். விரல் பக்கத்துப் பட்டனில் வழுக்கினால் திரைமேல் ஓட்டைகள் வெட்டிய பிளாஸ்டிக் தட்டு வைக்கலாம். விரல் அந்தந்த ஓட்டைக்குள் இறங்கி நிற்கும்.

விசைப்பலகையும் முக்கியம். ஆங்கில எழுத்தில் 'அம்மா' அடித்துப் பழகியவர்கள் நாம். அப்பா பழகாதவர். அவருக்கு நான் முதலில் நமக்குத் தெரிந்ததையே போட்டுக் கொடுத்துவிட்டேன், அது என் தவறு. தமிழ்99 பலகையில் உயிரெழுத்துகள் ஒரு பக்கம், மெய்கள் மறுபக்கம். 'க' இருமுறை தட்டினால் முதலாவதன் தலையில் தானே புள்ளி விழும். 'ங'வுக்குப் பின் 'க' தட்டினாலும் அப்படியே. ஒரு தட்டு மிச்சமானாலும் இந்தக் கைக்குப் பெரிது. ஐபேடில் அது உள்ளேயே இருக்கிறது, ஆண்ட்ராய்டுக்குச் செல்லினம் என்ற விசைப்பலகைச் செயலியைப் போட்டுக்கொள்ளலாம்.

காலையில் சரியாகத் தட்டி, மாலையில் தப்புகிறார் என்றால் கருவியை விட்டுவிடுங்கள், அது களைப்பு. பென்ஷன், சொத்து, மருத்துவம் மாதிரி நீளமான பேச்சுகளைக் காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் ஒரே தட்டில் பேசும் பட்டன்கள் போதும்.

"நேத்து இருந்த எடத்துல பட்டன் இல்ல"

மென்பொருள் துறையில் இருக்கும் ஒரு தம்பி முறைப் பையன் விடுமுறைக்கு வந்திருந்தான். அப்பாவின் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "ஒரே குப்பையா இருக்கு" என்று சாப்பாட்டுச் சொற்களை ஒரு பக்கம், உடம்புச் சொற்களை ஒரு பக்கம் என்று அழகாக அடுக்கிக் கொடுத்துவிட்டுப் போனான். அன்பாகத்தான் செய்தான். அடுத்த நாள் அப்பா 'முதுகு வலிக்குது' சொல்லப் போய் 'இட்லி' என்று மூன்று முறை சொன்னார். நான்காவது முறை டேப்பைத் தள்ளிவிட்டார்.

இதை வீட்டாருக்கு விளக்க எனக்கு அம்மாவின் அஞ்சறைப் பெட்டிதான் கைகொடுத்தது. அம்மா தாளிக்கும்போது பெட்டியைப் பார்ப்பதே இல்லை. எண்ணெய் காய்ந்ததும் கை தானே கடுகுக்குப் போகும். ஒருநாள் அதே பையனை அழைத்து, கடுகையும் வெந்தயத்தையும் இடம் மாற்றிவைத்து, "இப்ப ரசம் தாளிச்சுக் காட்டச் சொல்லு பாப்போம்" என்றேன். அவன் அதற்குப் பிறகு எந்தப் பட்டனையும் நகர்த்தியதில்லை.

புதுச் சொல் சேர்க்கலாம், அதற்குக் காலி இடத்தை விட்டு வையுங்கள். இருக்கும் சொல்லை நகர்த்தக் கூடாது. 'வேண்டாம்', 'போதும்', 'விடு' இவற்றை யார் தொல்லையாக நினைத்தாலும் நீக்கக் கூடாது. மறுக்க வழியில்லாதவர் கருவியைத் தள்ளிவிடுவார், இல்லாவிட்டால் சாப்பாட்டைத் துப்புவார். மாதம் ஒருமுறை பக்கங்களைப் பிரதியெடுத்து வேறொரு போனுக்கு அனுப்பி வையுங்கள். அன்று எங்களைக் காப்பாற்றியது அந்தப் பிரதிதான்.

"நியூஸ் வாசிக்கிற மாதிரி இருக்கு"

இந்தப் புகார் நியாயமானது. 'எனக்குத் தண்ணீர் வேண்டும்' என்று எழுதினால் கருவி அதையே வாசிக்கும். நம் வீட்டில் யார் அப்படிப் பேசுகிறார்கள்? பேசுவதுபோலவே எழுதிவிடுங்கள்: 'கொஞ்சம் தண்ணி கொடு', 'அந்த ஃபேனைக் கொறை', 'ஏம்மா இன்னும் தூங்கல?' சில சொற்கள் கோணலாக வந்தால் எழுத்தை மாற்றிப் பார்த்துக் காதுக்குச் சரியாக வரும் வடிவத்தை வைத்துக்கொள்ளுங்கள். பட்டன் பார்வைக்கு இலக்கணப்படி இருக்க வேண்டியதில்லை. எங்கள் பக்கத்தில் 'உள்ள போ, உள்ள போ, படியில நிக்காத' என்றும் ஒன்று உண்டு. வாசலில் செருப்போடு நின்று பேசுகிற விருந்தாளிக்கு அப்பா அதைத்தான் அடிப்பார்.

"அவர் குரல் இல்லையே" என்பது வேறு வருத்தம். இதற்கு முன்கூட்டியே செய்யக்கூடியது ஒன்று உண்டு, நாங்கள் தாமதமாகத்தான் செய்தோம். பேச்சு போகப்போகிறது என்று மருத்துவர் சொன்ன அன்றே, அவர் அடிக்கடி சொல்லும் வாக்கியங்களை அவர் குரலிலேயே பதிந்து வையுங்கள். எல்லாச் சொல்லும் வேண்டாம், அவருக்கே உரிய சொற்கள் போதும். நாங்கள் தொடங்கியபோது குழறல் வந்துவிட்டது. கடைசியில் தம்பியின் வாட்ஸ்அப்பில் பழைய குரல் செய்திகளைத் தேடினோம். "சாப்ட்டியாப்பா?" என்று இரண்டு நொடி ஒன்று கிடைத்தது. அதை ஒரு பட்டனில் வைத்திருக்கிறோம். அவர் தம்பிக்கு மட்டும் அதை அடிப்பார்.

கருவியின் குரலையும் காலப்போக்கில் அவருடையதாகவே ஏற்றுக்கொள்ள முடியும். ஸ்டீபன் ஹாக்கிங் 1985இல் தொண்டையில் செய்த அறுவைச் சிகிச்சையால் குரலை இழந்தார். அதன்பின் அவருக்குக் கிடைத்த கருவிக்குரலைவிடத் தெளிவான குரல்கள் பின்னாளில் வந்தன. அவர் மாற்றிக்கொள்ளவில்லை, அதுவே தன் குரல் என்றார். கருவி விற்பவர் புதுக்குரல் வந்திருக்கிறது என்று சொன்னால், மாற்றும் முன் அதில் பேசுகிறவரைக் கேளுங்கள்.

"ரொம்ப லேட்டாகுது, அதுக்குள்ள பேச்சு வேற எங்கயோ போயிடுது"

நாம் சாதாரணமாகப் பேசும்போது நிமிடத்துக்கு நூறு சொல்லுக்கு மேல் ஓடிவிடும். ஒற்றை விரலால் தட்டுகிறவருக்குப் பத்துச் சொல் வந்தால் அதிகம். ஒருநாள் கடிகாரத்தைப் பார்த்தேன். 'மழை வருது, மாடியில துணி' என்று அப்பா சொல்லி முடிக்க முக்கால் நிமிடத்துக்குக் கிட்ட ஆனது. அந்த முக்கால் நிமிடத்துக்குள் அத்தை வேறு கேள்வி இரண்டு கேட்டுவிட்டாள், பெரியப்பா "தண்ணி வேணுமா? பாத்ரூமா?" என்று நான்கு யூகம் சொல்லிவிட்டார். துணி நனைந்துவிட்டது.

பழுது இங்கே நம்மிடம். வீட்டில் ஒட்டிவைத்த ஏற்பாடு இது. அவர் தட்டத் தொடங்கினால் மற்றவர்கள் பேச்சை நிறுத்த வேண்டும். தோள்வழியாகத் திரையை எட்டிப் பார்க்கக் கூடாது, அவர் முகத்தைப் பாருங்கள். முழுதாகக் கேட்டுவிட்டுப் பதில் சொல்லுங்கள். யூகித்துச் சொல்ல வேண்டுமானால் முதலில் "யூகிக்கட்டுமா?" என்று கேளுங்கள். சில நாள் அவரே வேண்டும் என்பார், களைத்திருப்பார். சில நாள் வேண்டாம் என்பார். பாதி வாக்கியத்தை நாம் பிடுங்கி முடிக்கும்போது அது தவறாகப் போனால், அவர் அதை மறுத்து, அழித்து, மறுபடி முதலிலிருந்து தட்ட வேண்டும். நாம் மிச்சப்படுத்தியதாக நினைத்த பத்து நொடிக்கு அவர் இரண்டு நிமிடம் செலவழிக்கிறார்.

பேச்சு நகர்ந்துவிட்ட பிறகு அவர் முந்தைய விஷயத்தைச் சொன்னால், "அது முடிஞ்சு போச்சுப்பா" என்று சொல்லாமல் திரும்பிப் போங்கள். 'முன்னாடி பேசினது பத்தி' என்று ஒரு பட்டன் வைத்தோம். அதைத் தட்டினால் எல்லாரும் நிற்க வேண்டும். 'கொஞ்சம் இரு, சொல்லிக்கிட்டிருக்கேன்' என்பது அதற்கடுத்த பட்டன். எனக்குத் தெரிந்து இந்த இரண்டும்தான் வீட்டின் சாப்பாட்டு நேரத்தையே மாற்றின.

"எனக்குக் கண்ணைப் பாத்தாலே தெரியும், இது எதுக்கு?"

இதுவரை சொன்னவற்றில் மிகக் கடினமானது இதுதான். சொன்னது அம்மா. அவள் சொன்னது பொய்யும் இல்லை. அப்பா புருவத்தைத் தூக்கினால் ஃபேன், உதட்டைக் குவித்தால் தண்ணீர், தலையை இடதுபக்கம் சாய்த்தால் தலையணை. நாற்பது வருடப் பழக்கம். நான் டேப்பை வைத்தபோது அதை அவள் தன் இடத்தைப் பறிக்க வந்ததாகத்தான் பார்த்தாள். அப்பா தட்டுவதற்குள் அவளே ஓடிப்போய்ச் செய்துவிடுவாள். அவரும் தட்டுவதை விட்டுவிட்டார். கருவி சும்மா கிடந்தது.

இதற்குச் செட்டிங்ஸ் கிடையாது. "உனக்குத் தெரியலம்மா" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நான் முதலில் அதைத்தான் சொன்னேன், ஒரு வாரம் பேசவில்லை. பிறகு வேறு விதமாகக் கேட்டேன். "உனக்குக் காய்ச்சல் வந்து படுத்துட்டா அப்பாவுக்கு யாரும்மா?" அதற்கு அவளிடம் பதில் இல்லை. கண்ணால் சொல்வதை நிறுத்தச் சொல்லவில்லை, அது வேகமானது, அது உங்கள் இருவருக்குள். உனக்குத் தெரிந்ததை எனக்கும் எழுதிக் கொடு என்றேன். புருவம், உதடு, தலை என்று அவள் சொல்லச் சொல்ல எழுதிக் கதவில் ஒட்டினோம். அம்மாவிடம் மட்டும் இருந்த அகராதி அன்று வீட்டுக்குப் பொதுவானது. அதற்குப் பிறகுதான் அவள் டேப்பை விரோதியாகப் பார்ப்பதை நிறுத்தினாள்.

மீதியை அப்பாவே செய்தார். ஒரு மாலை, எல்லாரும் இருக்கும்போது, நீண்ட நேரம் தட்டினார். "அன்னிக்கு ஒங்கண்ணன் நெலம் பத்திச் சொன்னது எனக்குப் பிடிக்கல. அப்பவே சொல்லணும்னு நெனச்சேன்." அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இதைக் கண்ணைப் பார்த்து அவளால் கண்டுபிடித்திருக்க முடியாது. தண்ணீர், தலையணை, ஃபேன் இவை கண்ணுக்குத் தெரியும். மனக்குறை தெரியாது.

இந்தப் புகார் உங்கள் வீட்டிலும் வந்தால், தேவைகளைக் கேட்கும் பட்டன்களோடு நிறுத்திவிட்டீர்களா என்று பாருங்கள். கருத்துச் சொல்ல, வம்பு பேச, கோபப்பட, கதை கேட்கச் சொற்கள் இருக்கின்றனவா? இல்லாவிட்டால் அம்மா சொன்னதுதான் சரி, அந்தக் கருவி எதற்கு?

"வாங்கிக் கொடுத்தும் தொடவே மாட்டேங்கிறார்"

பரீட்சை வைக்கிறீர்களா? "இது என்னன்னு அடிங்க பாப்போம்" என்று வீட்டுக்கு வந்தவரெல்லாம் கேட்டால் யாருக்கும் வெறுத்துப் போகும். பதில் தெரிந்த கேள்வியைக் கேட்காதீர்கள்.

நாமும் அதில் தட்டிப் பேச வேண்டும். இது குழந்தைகளுக்கு இன்னும் முக்கியம். தமிழை நாம் எத்தனை மாதம் பேசிக் காட்டிய பிறகு ஒரு குழந்தை 'அம்மா' என்கிறது? படங்களைத் தொட்டுப் பேசுவதையும் அதேபோல நாம் பேசிக்கொண்டே தொட்டுக் காட்ட வேண்டும், பதில் எதிர்பார்க்காமல், மாதக்கணக்கில். குழந்தை ஒரே பட்டனை இருபது முறை அடித்தால் பிடுங்காதீர்கள், அது மழலை. பெரியவர் ஒரே பட்டனைத் திரும்பத் திரும்ப அடித்தால், அவர் சொல்ல வந்ததற்கு அங்கே சொல் இல்லாமல் இருக்கலாம். 'நீ தேடுறது இதுல இல்லையா?' என்று கேளுங்கள்.

"இதைப் பழக்கிட்டா புள்ளைக்குப் பேச்சே வராமப் போயிடும்"

பேச்சு வராத குழந்தை உள்ள வீடுகளில் பாட்டிமார் சொல்லும் முதல் வாக்கியம். பயம் புரிகிறது. ஆனால் ஆய்வுகள் வேறு சொல்கின்றன. வளர்ச்சிக் குறைபாடுகள் உள்ளவர்களிடம் இந்த மாற்றுவழித் தொடர்பு முறைகள் பேச்சை என்ன செய்கின்றன என்று 2006இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு பார்த்தது. உறுதியான ஆதாரம் இருந்த 27 பேரில் ஒருவருக்கும் பேச்சு குறையவில்லை. 89 விழுக்காட்டினருக்குக் கூடியிருந்தது, மற்றவர்களுக்கு மாற்றமில்லை. பாட்டியிடம் விழுக்காடு பேசாதீர்கள். "நடைவண்டி பிடிச்சுப் பழகின புள்ள நடக்காமலா போச்சு?" என்றால் போதும்.

படம் தொட்டுப் பேசும் செயலிகளில் ஆவாஸ் சென்னையில் பிறந்தது. அஜித் நாராயணன் என்ற பொறியாளரின் குழு, கோட்டூர்புரம் வித்யாசாகர் என்ற சிறப்புப் பள்ளியில் இருந்த குழந்தைகளோடும் ஆசிரியர்களோடும் சேர்ந்து உருவாக்கியது. தமிழிலும் பேசும். ஐஐடி பாம்பே உருவாக்கிய ஜெல்லோ இலவசமாகக் கிடைக்கிறது. எதைத் தொடங்கினாலும் முன்னால் ஒரு பேச்சு சிகிச்சையாளரைப் பாருங்கள். முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது, சென்னைப் பக்கத்தவர்கள் அங்கே கேட்கலாம்.

சட்டென்று தீரும் சில

"காது கேக்குதா அண்ணே?" என்று பெரியப்பா வழி உறவுகள் கத்துவார்கள். காது நன்றாகக் கேட்கிறது. வாசலிலேயே சொல்லிவிடுங்கள், "பேசத்தான் முடியாது, எல்லாம் புரியும், மெதுவா பதில் சொல்லுவார்."

பேரப்பிள்ளைகள் யூடியூப் போட எடுத்துப் போகிறார்கள். ஆண்ட்ராய்டில் செயலியைத் திரையில் பூட்டி வைக்கும் வசதி உண்டு, ஐபேடிலும் உண்டு. ஆனால் பூட்டைவிட, "அது தாத்தாவோட வாய், வாயை யாராச்சும் எடுத்துக்கிட்டுப் போவாங்களா?" என்றது என் அண்ணன் மகளிடம் நன்றாக வேலை செய்தது. இப்போது மற்ற பிள்ளைகளை அவள்தான் விரட்டுகிறாள்.

துக்க வீட்டில் சிரித்துவிடுகிறார், சாதாரணப் பேச்சில் அழுகிறார். மனம் பேதலித்ததாக யாரும் முடிவுகட்ட வேண்டாம். மோட்டார் நியூரான் நோயிலும் பக்கவாதத்திலும் சிரிப்பையும் அழுகையையும் அடக்கும் நரம்புப் பாதை கெட்டுவிடுவதுண்டு, உள்ளே உள்ள உணர்ச்சிக்கும் முகத்துக்கும் தொடர்பிருக்காது. நரம்பியல் மருத்துவரிடம் சொல்லுங்கள், மருந்து உண்டு. 'இது நோயால வர்ற சிரிப்பு, தப்பா நெனக்காதீங்க' என்று அப்பாவே ஒரு பட்டன் கேட்டு வாங்கினார்.

கல்யாண மண்டபத்தில் மேளச் சத்தத்தில் கேட்காது. எழுத்தைப் பெரிதாக்கித் திரையைக் காட்டச் சொல்லுங்கள்.

"ஆமாங்கிறார், அப்புறம் இல்லைங்கிறார்"

பக்கவாதத்துக்குப் பின் பேச்சு போனவர்கள் பலரிடம் இது நடக்கும். அங்கே பாதிக்கப்பட்டது நாக்கு மட்டுமல்ல, மொழியே. 'ஆமாம்' சொல்ல நினைத்து 'இல்லை' வந்துவிடும். அவரைப் பொய்யராக்காதீர்கள். இதே காரணத்தால் எழுத்துப் பலகையும் அவர்களில் பலருக்குப் பயன்படாது, எழுத்தும் மொழிதானே. படம், போட்டோ, நாள்காட்டி, ஊர்ப்படம் வைத்துப் பேசுங்கள். முக்கியமான கேள்வியைத் திருப்பிப் போட்டும் கேளுங்கள்: "காபி வேணுமா?" "அப்ப காபி வேண்டாமா?" இரண்டு பதிலும் ஒத்துவந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். எண்களை வரிசையாகச் சொல்கிறார், சாமிப் பாட்டைப் பாடுகிறார், அதனால் நடிக்கிறார் என்று சிலர் நினைப்பார்கள். மனப்பாடமாக வருவது வேறு வழியில் வருகிறது, அதற்காகத் தண்ணீர் கேட்க முடியும் என்று பொருளில்லை.

அப்பாவுக்கு மொழி போகவில்லை. ஆனாலும் தலையாட்டலில் குழப்பம் வந்தது. நம் ஊர்த் தலையாட்டல் ஆமாமா இல்லையா என்று வெளியூர் நர்ஸுக்கு எப்படித் தெரியும்? அப்பாவே வழி சொன்னார். பஸ்ஸில் ஒரு விசில் நிறுத்த, இரண்டு விசில் கிளம்ப. மேசையில் ஒரு தட்டு 'இல்லை', இரண்டு தட்டு 'ஆமாம்'. ஆஸ்பத்திரிக் கட்டிலின் தலைமாட்டில் அதை எழுதி ஒட்டுகிறோம்.

"அவர் என்ன சொல்றாருன்னு நீங்களே சொல்லிடுங்கம்மா"

வீட்டுக்கு வெளியே வரும் புகார். ஒரு வங்கிக் கிளையில் அப்பா தட்டிக்கொண்டிருக்க, என்னைப் பார்த்து இப்படிச் சொன்னார்கள். "அவர் கணக்கு, அவரே சொல்வார், காத்திருக்கிறேன்" என்றேன். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், தொடர்பு என்பதற்குத் தரும் விளக்கத்திலேயே இத்தகைய மாற்றுவழிகளையும் சேர்த்திருக்கிறது. தங்கள் பணத்தைத் தாங்களே நிர்வகிக்கும் உரிமையையும் சொல்கிறது. அந்தப் பக்கத்தை அச்செடுத்து டேப்பின் உறைக்குள் வைத்திருக்கிறோம். வெளியே போகும் முன் சொல்ல வேண்டியதை வீட்டிலேயே தட்டிச் சேமித்துக்கொண்டால், கவுன்ட்டரில் ஒரே தட்டு. கூடப் போகும் நாம் அவருக்கு அரை அடி பின்னால் நின்றால் எதிரில் இருப்பவர் தானாகவே அவரைப் பார்ப்பார்.

"கரண்ட் போச்சு, சார்ஜும் இல்ல"

இதற்காகவே ஒரு காகிதப் பலகை கட்டாயம் வேண்டும். குளியலறை, ஆம்புலன்ஸ், தீவிர சிகிச்சைப் பிரிவு என்று டேப் போக முடியாத இடங்களும் உண்டு. தமிழில் 247 எழுத்து என்று பயப்படாதீர்கள். ஐந்து வரி போதும்:

குறில்: அ இ உ எ ஒ
நெடில்: ஆ ஈ ஊ ஏ ஐ ஓ ஔ
வல்லினம்: க ச ட த ப ற
மெல்லினம்: ங ஞ ண ந ம ன
இடையினம்: ய ர ல வ ழ ள

கீழே ஒரு வரியில் ஜ, ஸ, ஷ, ஹ, 'சொல் முடிந்தது', 'தப்பு, அழி', 'யூகி'. கை ஓடும்வரை அவர் தொட்டுக் காட்டுவார். கை ஓயும்போது நாம் வாசிக்க வேண்டும்: "குறிலா? நெடிலா? வல்லினமா?" அவர் தட்டியோ கண்ணை மூடித் திறந்தோ நிறுத்துவார். பிறகு அந்த வரியை எழுத்தெழுத்தாக. 'காபி' என்றால் வல்லினம் க, நெடில் ஆ, வல்லினம் ப, குறில் இ. மெய்க்குப் பின் உயிர் வராவிட்டால் அது அகரமாக இருக்கலாம், புள்ளியாகவும் இருக்கலாம். 'ம க ன' என்றால் மகன் என்று நீங்களே வாசித்துக்கொள்வீர்கள். ஓலைச்சுவடியில் புள்ளியே இல்லாமல்தானே வாசித்தார்கள். ஒவ்வொரு எழுத்தையும் தாளில் எழுதிக்கொண்டே வாருங்கள், மனதில் வைத்தால் நாலாவது எழுத்தில் முதலாவது மறந்துவிடும்.

ஜெராக்ஸ் கடையில் லேமினேட் செய்து நான்கு பிரதி எடுத்தோம். ஒன்று குளியலறைக் கதவின் உள்பக்கம், ஒன்று ஆஸ்பத்திரிப் பையில், ஒன்று பெங்களூரில் தம்பியிடம், வீடியோ காலில் அவன் வாசிக்க அப்பா மேசையைத் தட்டுவார். நான்காவது அம்மாவின் தலையணைக்கு அடியில் இருக்கிறது. கூடவே ஒரு டார்ச்.